பத்து நிமிடத்தில் போட்ட 40 சதவீதம்: குழந்தைகளின் மாற்றுத்திறன் மதிப்பீட்டை யார் கண்காணிக்கிறார்கள்?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை, எல்லாவற்றுக்கும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று தடவை அலைந்த பிறகு ஒரு முகாமில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு 40 சதவீதம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். எப்படி அந்த எண் வந்தது என்று கேட்டேன், பதில் இல்லை. குழந்தைகளை இப்படி மதிப்பிடுவதை அரசில் யாராவது மேற்பார்வை செய்கிறார்களா? கேள்வி கேட்டால் இருக்கிற அட்டையும் போய்விடுமா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்குத் தூக்கம் வராமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்டதற்காக யாரும் உங்கள் மகனின் அட்டையை ரத்து செய்ய முடியாது. மதிப்பெண் தாளைக் கேட்பதும் மேல்முறையீடு செய்வதும் சட்டம் கொடுத்த உரிமை. ஆனால் மறுபடி பார்க்கும்போது எண் கூடலாம், அப்படியே நிற்கலாம், குறையவும் செய்யலாம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கேட்பதுதான் சரி. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

மேற்பார்வை உண்டா என்ற கேள்விக்கு: காகிதத்தில் நிறையவே உண்டு. ஆனால் எல்லாமே நீங்கள் போய்க் கதவைத் தட்டினால்தான் நகரும். தானாக அந்த அறைக்குள் வந்து, "இந்தக் குழந்தையை எந்தக் கருவியால் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எந்த மொழியில் பேசினீர்கள்" என்று கேட்ட அதிகாரியை என் 20 வருட வேலையில் நான் கண்டதில்லை. மறுவாழ்வு உளவியலாளராக அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தவள் நான். அதனால் இதை வெளியில் நின்று சொல்லவில்லை.

முதலில் அந்த 40-ஐப் பார்ப்போம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, ஆட்டிசம் அதில் இல்லை. அந்தக் காலத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று எழுதித்தான் சான்றிதழ் கொடுத்தோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தபோது வகைகள் 21 ஆயின. ஆட்டிசத்துக்கும் கற்றல் குறைபாட்டுக்கும் அதில்தான் தனி இடம் கிடைத்தது.

ஆட்டிசத்தை அளக்க செகந்திராபாத்தில் உள்ள மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் உருவாக்கிய இந்திய அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஐ.எஸ்.ஏ.ஏ. என்பார்கள். மொத்தம் 40 கேள்விகள், ஆறு பகுதிகள்: சமூக உறவு, உணர்ச்சி வெளிப்பாடு, பேச்சும் தொடர்பும், நடத்தை, புலன் உணர்வு, அறிவுத்திறன். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆகக் குறைந்தது 40, அதிகபட்சம் 200. மொத்தம் 70-க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

இந்த மதிப்பெண்ணைச் சதவீதமாக மாற்ற ஓர் அட்டவணை உண்டு. 70 மதிப்பெண்ணுக்கு 40 சதவீதம். 71 முதல் 88 வரை 50 சதவீதம். 89 முதல் 105 வரை 60. 106 முதல் 123 வரை 70. இப்படியே ஏறி, 158-ஐத் தாண்டினால் 100 சதவீதம்.

ஒரு நிமிடம் இதில் நின்று பாருங்கள். 40 சதவீதம் என்பதற்கு அந்த அட்டவணையில் ஒரே ஒரு மதிப்பெண்தான் இருக்கிறது: 70. ஒரு மதிப்பெண் குறைந்தால் ஆட்டிசமே இல்லை, ஒரு மதிப்பெண் கூடினால் 50 சதவீதம். அப்படியானால் 40 என்ற எண் மிக அபூர்வமாகத்தான் வர வேண்டும். ஆனால் என்னிடம் வரும் பெற்றோர் கையில் உள்ள சான்றிதழ்களில் அடிக்கடி பார்க்கும் எண்களில் அது ஒன்று. காரணம் ரொம்ப எளியது. அரசுச் சலுகைகளுக்கான வாசல் 40 சதவீதம். அளக்க நேரமில்லாத நாளில், "40 போட்டால் பிள்ளைக்குத் தகுதி கிடைத்துவிடும், பிரச்சினை இல்லை" என்று நல்லெண்ணத்தோடே எழுதிவிடுகிறார்கள். அது அளந்து வந்த எண்ணாக இருக்காது.

உங்கள் மகனுக்குப் பேச்சே வரவில்லை என்கிறீர்கள். பேச்சுப் பகுதியில் மட்டும் 9 கேள்விகள். அந்த ஒன்பதுக்கும் 5 போட்டால் 45. மற்ற 31 கேள்விகளுக்கும் ஆகக் குறைந்த 1 போட்டாலே மொத்தம் 76 வந்துவிடும். பேச்சு வராத பிள்ளைக்கு, 'சொன்னதையே திருப்பிச் சொல்கிறானா' போன்ற கேள்விகளில் 5 விழாது. அதனால் இந்தக் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஆள் துணை தேவைப்படும் ஒரு பிள்ளை, மற்ற ஐந்து பகுதிகளையும் சேர்த்து, துல்லியமாக 70-ல் வந்து நிற்பது எனக்கு இயல்பாகத் தோன்றவில்லை. அதனால்தான் மதிப்பெண் தாளைக் கேளுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. அறிவுசார் குறைபாடும் சேர்ந்து இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? அதற்குத் தனி மதிப்பீடு உண்டு. இரண்டும் இருந்தால் சேர்த்துக் கணக்கிட, மத்திய அரசு வெளியிட்ட 2018 மதிப்பீட்டு வழிகாட்டியில் ஒரு சூத்திரம் இருந்தது: பெரிய எண்ணோடு, சிறிய எண்ணை (90 கழித்தல் பெரிய எண்) என்பதால் பெருக்கி 90-ஆல் வகுத்து வருவதைக் கூட்ட வேண்டும். ஒன்று 70, இன்னொன்று 50 என்றால் கிட்டத்தட்ட 81 வரும். 2024 மார்ச்சில் வழிகாட்டிகளைத் திருத்தி வெளியிட்டார்கள். ஆகவே எந்த வழிகாட்டியின்படி மதிப்பிட்டார்கள் என்ற கேள்வியையும் உங்கள் மனுவில் சேருங்கள்.

சரி, ஏன் பத்து நிமிடத்தில் முடிகிறது? நான் போன ஒரு முகாமைச் சொல்கிறேன். ஒரு கல்யாண மண்டபம். காலை ஒன்பது மணிக்கே நூற்றுக்கும் மேல் பிள்ளைகள். எலும்பு மருத்துவருக்கு ஒரு மேசை, காது மூக்கு தொண்டைக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, மனநல மருத்துவருக்கும் எனக்கும் சேர்த்து ஒன்று. மைக்கில் பெயர் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளை அந்த இரைச்சலில் அளந்தால் நான் அளப்பது அவளையா, அந்த மைக்கையா? மதியத்துக்குள் முடிக்கச் சொன்னார்கள். மருத்துவர்களுக்குப் பிற்பகலில் வார்டு இருந்தது. அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அன்று எழுதிய பல எண்களுக்கு இன்று என்னால் பொறுப்பேற்க முடியாது. அந்த முகாம் முடிந்ததும் மேலே போன அறிக்கையில் இருந்தது ஒரே ஒரு விவரம்: இத்தனை பேருக்கு அட்டை வழங்கப்பட்டது.

மேற்பார்வையின் குறை அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். எத்தனை அட்டை என்று எண்ணுகிறோம். எப்படி அளந்தோம் என்று எண்ணுவதில்லை.

அறிவுசார் குறைபாட்டு மதிப்பீட்டில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் பெற்றோர் சொல்வதை நம்பி நடப்பது. 'தானே சட்டை போட்டுக்கொள்வானா? தானே சாப்பிடுவானா?' என்று கேட்போம். நம் அம்மாக்கள் என்ன சொல்வார்கள்? "எல்லாம் செய்வான் மேடம்" என்பார்கள். அதில் பொய் இல்லை. பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராது, அவ்வளவுதான். பித்தான் மாட்டும்போது கை பிடித்து உதவுவது, 'அடுத்த வாய், அடுத்த வாய்' என்று ஒவ்வொரு கவளத்துக்கும் நினைவூட்டுவது எல்லாம் அவர்களுக்கு உதவியாகவே தெரிவதில்லை, பழகிப்போய்விட்டது. நேரமிருந்தால் துருவிக் கேட்டு உண்மையை எடுக்கலாம். நேரமில்லாவிட்டால் 'செய்வான்' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறோம். அந்த ஒரு சொல்லில் பிள்ளையின் சதவீதம் 75-லிருந்து 50-க்கு இறங்கிவிடலாம். நீங்கள் அடுத்த முறை போகும்போது இதை மனதில் வையுங்கள். நீங்கள் இல்லாவிட்டால் அவன் என்ன செய்வான், அதை மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம் கருவிகளின் வயது. நுண்ணறிவைப் பார்க்க இன்றும் பல இடங்களில் கையில் எடுப்பது பினே-காமத் சோதனை. வி. வி. காமத் அதைத் தார்வாட் பகுதியில் கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளை வைத்து 1930-களில் தகவமைத்தார். மாலின் அளவுகோல் 1960-களில் நாக்பூரில் உருவானது. அந்தக் காலத்துப் பிள்ளைக்குத் தெரிந்த பொருள்கள் வேறு, இன்று ராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ வளரும் பிள்ளைக்குத் தெரிந்தவை வேறு. மொழிபெயர்த்துக் கேட்கும்போது ஒவ்வொருவரும் தம் வாய்க்கு வந்த தமிழில் கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். இதைச் சரிபார்க்க ஓர் ஏற்பாடு இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கே அது துணையாக இருந்திருக்கும்.

கற்றல் குறைபாட்டில் மொழிச் சிக்கல் நேராகவே தெரியும். எட்டு வயது முடிந்த பிறகுதான் சான்றிதழ் என்றது 2018 வழிகாட்டி. மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ பள்ளி ஆசிரியர் முதல்கட்டமாகப் பார்க்க வேண்டும், பள்ளியில் தலைமையாசிரியர் தலைமையில் அதற்கொரு குழு இருக்க வேண்டும், பிறகு மருத்துவமனையில் பெங்களூரு நிம்ஹான்ஸ் தயாரித்த சோதனைத் தொகுப்பால் உறுதி செய்ய வேண்டும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி. உங்கள் ஊர்ப் பள்ளியில் இந்தக் குழு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலப் பத்தியை வாசிக்கச் சொல்லி அளந்தால் அவன் ஆங்கிலம்தான் தெரியவரும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும், மொழிப்பாட விலக்கும் இந்தச் சான்றிதழை நம்பித்தான் கிடைக்கின்றன. எட்டாம் வகுப்புவரை யாரும் கவனிக்காமல் விட்டு, தேர்வு நெருங்கும்போது அவசரமாகச் சான்றிதழுக்கு ஓடி வரும் பெற்றோரை ஒவ்வொரு ஆண்டும் பார்த்திருக்கிறேன்.

இனி, 2016 சட்டத்தில் யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று சொல்கிறேன். பிரிவு எண்களோடு சொல்வதற்குக் காரணம், உங்கள் மனுவில் அவற்றை எழுத வேண்டும் என்பதுதான்.

பிரிவு 56-ன்படி எப்படி அளப்பது என்ற வழிகாட்டியை வெளியிடுவது மத்திய அரசு. பிரிவு 57-ன்படி யார் அளப்பது என்று நியமிப்பது மாநில அரசு. பிரிவு 58 சான்றிதழ் வழங்கும் முறை. பிரிவு 59 மேல்முறையீடு: சான்றளிக்கும் அதிகாரியின் முடிவில் குறை இருந்தால், மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம், விதியில் சொன்ன கெடுவுக்குள் போகலாம். கெடு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். சான்றிதழ் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. எண் குறைவாகப் போட்டதற்குக் காரணம் எழுதித் தர வேண்டும் என்று அதே அளவு தெளிவாகச் சொல்லவில்லை. உங்களைப் போன்றவர்கள் விழும் இடைவெளி இதுதான்.

இதற்கு மேலே மாநில ஆணையர் இருக்கிறார், பிரிவு 79. உரிமை மறுக்கப்பட்டால் தாமாகவும் விசாரிக்கலாம், புகாரின் பேரிலும் விசாரிக்கலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும். இது பிரிவு 81. பரிந்துரைதானே, கட்டளை இல்லையே என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். உண்மைதான். ஆனாலும் ஆணையர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால் மருத்துவமனையில் கோப்பைத் தேடி எடுக்கிறார்கள். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மாநில ஆலோசனை வாரியம், மாவட்டக் குழு, குழந்தைகள் உரிமை ஆணையம் எல்லாமும் உண்டு. அவை தனி ஒரு பிள்ளையின் விஷயத்தில் உங்களுக்கு உடனே உதவாது.

நடைமுறையில் சிக்கல் என்னவென்றால் வேலை மூன்று துறைகளில் சிதறிக்கிடக்கிறது. அளப்பது சுகாதாரத் துறை மருத்துவர். அட்டையும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. பள்ளியில் கண்டுபிடித்து வட்டார வள மையம் வழியாக முகாமுக்கு அனுப்புவது கல்வித் துறை. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். நல அலுவலரிடம் போனால் "சதவீதம் டாக்டர் போட்டது, நாங்கள் என்ன செய்ய" என்பார். டாக்டரிடம் போனால் "முகாமை நடத்தியது அவர்கள்" என்பார். மதிப்பீடு என்ற அந்த ஒரு மணி நேர வேலைக்கு முழுப் பொறுப்பு யாரிடமும் இல்லை.

பிஞ்சிலேயே கண்டுபிடிக்க ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டம் 2013-லிருந்து இருக்கிறது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும், பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். சட்டத்தின் 17-ஆவது பிரிவு பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கச் சொல்கிறது, முதல் கணக்கெடுப்பு இரண்டு ஆண்டுக்குள், அதாவது 2019 ஏப்ரலுக்குள் முடிந்திருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் என்று வந்தது. ஆட்டிசத்துக்கு அதில் தனிக் கட்டமே கிடையாது. எத்தனை பிள்ளைகள் என்றே தெரியாத இடத்தில் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று எப்படிக் கேட்பது?

சமீப ஆண்டுகளில் மேற்பார்வை கூடவில்லையா என்றால், கூடியிருக்கிறது. ஆனால் வேறு பக்கம் பார்த்துக் கூடியிருக்கிறது. 2021 ஜூன் 1 முதல் எல்லாச் சான்றிதழும் யூடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை இணையதளம் வழியாகத்தான். இது நல்லது, மனு எங்கே கிடக்கிறது என்று பார்க்க முடிகிறது. 2024-ல் ஒரு பயிற்சி ஐஏஎஸ் அதிகாரியின் சான்றிதழ் விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் விதிகளைத் திருத்தினார்கள். அடையாளச் சான்றும் ஆதாரும் கட்டாயமாயின. சான்றிதழ் தரும் கெடு ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமானது. இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவாகாத மனு காலாவதியாகும் என்றார்கள். போலியாக வாங்குபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று சட்டத்தின் 91-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. போலியைத் தடுக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஏமாற்றி வாங்கும் ஒவ்வொரு இடமும் நம் பிள்ளை ஒருவனின் இடம். ஆனால் மனு கொடுப்பவரைச் சந்தேகிக்க இத்தனை ஏற்பாடு செய்த அரசு, மதிப்பிடுபவரின் வேலையைச் சரிபார்க்க ஒன்றும் செய்யவில்லை. பேச்சு வராத ஏழு வயதுப் பிள்ளைக்கு 30 சதவீதம் குறைத்துப் போட்டால் அதுவும் தவறான சான்றிதழ்தானே? அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

இங்கிலாந்தை ஒரு நிமிடம் பாருங்கள், அங்கே எல்லாம் சொர்க்கம் என்பதற்காக இல்லை. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்கு மதிப்பீடு கேட்ட நாளிலிருந்து 20 வாரத்துக்குள் கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றும் சேர்ந்த திட்டத்தை இறுதி செய்ய வேண்டும். ஒத்துக்கொள்ளாத பெற்றோருக்கு இதற்கென்றே ஒரு தீர்ப்பாயம். 2016-லிருந்து கல்வி ஆய்வுத் துறையும் சுகாதார ஆய்வு ஆணையமும் சேர்ந்து ஒவ்வொரு பகுதியாகப் போய், பிள்ளைகளின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்து, பெற்றோரைக் கேட்டு, அறிக்கையைப் பெயர் போட்டுப் பொதுவில் வைக்கின்றன. 2023-ல் கெடுவுக்குள் முடிந்தவை கிட்டத்தட்ட பாதிதான். மோசமான கணக்குதான், அங்கேயும் அம்மாக்கள் அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதி என்ற கணக்கை அரசே வெளியிடுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் சண்டை போட முடிகிறது.

நம்மிடம் இதற்குப் பெரிய செலவுகூட வேண்டாம். யூடிஐடி தளத்தில் எல்லாத் தகவலும் ஏற்கெனவே கிடக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் 18 வயதுக்குக் கீழ் வந்த மனுக்கள் எத்தனை நாளில் முடிந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, எத்தனை பிள்ளைகளுக்கு எந்தச் சதவீதம் என்று மாதம் ஒருமுறை வெளியிட்டாலே போதும். ஒரு மருத்துவமனையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கு 40 என்று வந்தால், அங்கே அளக்கவில்லை என்று எந்தக் குமாஸ்தாவும் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம், மதிப்பெண் தாளின் நகலைச் சான்றிதழோடு கட்டாயமாக இணைத்துத் தர வேண்டும். நூற்றில் ஐந்து பிள்ளைகளையாவது முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் போன்ற வேறு ஓர் இடத்தில் மறுபடி பார்த்து, இரண்டு எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க வேண்டும்.

சதவீதத்தையே நம்பிக்கொண்டிருப்பதும் சரியில்லை என்று ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2019-ல் இந்தியாவைப் பற்றிச் சொன்னது, நம் வழிகாட்டிகளில் மருத்துவப் பார்வையே ஓங்கியிருக்கிறது என்று கவலைப்பட்டது. உச்ச நீதிமன்றமும் அந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீதம் இல்லாதவரும் சட்டப்படி மாற்றுத்திறனாளியாக இருக்கலாம், அவருக்கும் நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்றது. எழுத்துக் குறைபாடு உள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் கொடுக்காததை அதே ஆண்டு நவம்பரில் கண்டித்தது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில், மதிப்பீட்டு வாரியங்கள் எண்ணை மட்டும் பார்க்கும் இயந்திரங்கள் அல்ல, தம் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும் என்றது. அது மருத்துவப் படிப்புச் சேர்க்கை வழக்கு. ஆனாலும் காரணம் எழுத வேண்டும் என்ற அந்த வரியை உங்கள் மனுவில் தாராளமாகச் சுட்டிக்காட்டுங்கள்.

இதில் உங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. பள்ளி உங்கள் மகனைச் சேர்த்துக்கொள்ளவோ, அவனுக்கேற்ற ஏற்பாடு செய்யவோ சதவீதம் எவ்வளவு என்று பேரம் பேச முடியாது. அட்டையைக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லும் பள்ளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அது தவறு.

இப்போது செய்ய வேண்டியது. முதல் கடிதம் சான்றிதழ் கொடுத்த மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு: மகனின் மதிப்பீட்டுத் தாள்கள், எந்தக் கருவி, எந்த வழிகாட்டி, யார் யார் பார்த்தார்கள் என்ற விவரங்கள் வேண்டும் என்று. நோயாளியோ அவர் பாதுகாவலரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணத்தைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத் தபால். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு அதே கேள்விகள், 30 நாள் கெடு. இதற்காகக் காத்திருந்து மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட வேண்டாம். பிரிவு 59 மேல்முறையீட்டைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். எங்கே கொடுப்பது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மாநில ஆணையருக்கு.

மறு மதிப்பீட்டுக்கு அழைத்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை தருபவர்களிடம் கடிதம் வாங்குங்கள். வகுப்பாசிரியரிடமோ சிறப்பாசிரியரிடமோ ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். போனில் மூன்று சின்ன வீடியோக்கள் எடுத்து வையுங்கள்: காலையில் பல் துலக்குவது, சாப்பிடுவது, வெளியாள் வந்தால் அவன் நடந்துகொள்வது. நீங்கள் உதவி செய்வது வீடியோவில் தெரிய வேண்டும், அதை வெட்டாதீர்கள். முகாமில் வேண்டாம், மருத்துவமனையில் அமைதியான அறையில், அவன் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த நேரமாகப் பார்க்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். கேட்டால் கொடுக்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

சான்றிதழில் செல்லுபடியாகும் தேதி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிருந்தால், புதுப்பிப்புக்கு அந்தத் தேதிக்கு நாலைந்து மாதம் முன்பே இணையத்தில் பதிந்துவிடுங்கள். கெடு இப்போது மூன்று மாதம் என்பதால் கடைசி வாரத்தில் போனால் நடுவில் உதவித்தொகை நின்றுவிடும்.

மதிப்பீட்டுத் தாள் கைக்கு வந்ததும் 40 கேள்விகளுக்கும் தனித்தனி மதிப்பெண் இருக்கிறதா, மொத்தம் மட்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மொத்தம் மட்டும் இருந்தால் உங்கள் மேல்முறையீட்டின் முதல் வரி அதுதான்.